மைசூர் யானைக்கொட்டாரத்துச் சிறுவன் சாபு, ஹாலிவுட் நட்சத்திரமாகியும் ஏன் நிலைக்கவில்லை?

திறமை தீர்ந்துபோனதால் அல்ல. அவருக்கென்று எழுதப்பட்ட வேடம் ஒன்றே ஒன்றுதான், அதற்கு வயது ஏறக் கூடாது என்பதுதான் சிக்கல்.

1924-ல் மைசூர் சமஸ்தானத்தில் மாவுத்தர் மகனாகப் பிறந்தவர் சாபு. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி படப்பிடிப்புக்காக அங்கே வந்தபோது பையனைத் தேர்ந்தெடுத்தார். 1937-ல் அந்த பிரிட்டிஷ் படம் ‘எலிஃபண்ட் பாய்’ வெளியானதும் லண்டன் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அப்புறம் 1940-ல் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’, 1942-ல் ‘ஜங்கிள் புக்’. மூன்றிலும் இடுப்புத்துணி கட்டிய துறுதுறு பையன்தான்!

போர் வந்தது. 1944-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, அந்நாட்டு விமானப்படையில் குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கி வீரராகப் பசிபிக் போர்முனையில் பறந்தார், வீரப்பதக்கமும் வாங்கினார். திரும்பியபோது இருபதைத் தாண்டிய இளைஞர். அந்தக் கால ஹாலிவுட்டில் இந்தியனைக் காதல் நாயகனாக்க யார் துணிவார்கள்? கீழைநாட்டுக் கதாநாயக வேடங்களையே வெள்ளையர்கள் சாயம் பூசிக்கொண்டு நடித்த காலம் அது. 1947-ல் ‘பிளாக் நார்சிஸஸ்’ படத்தில் இளம் ஜெனரலாக நன்றாகவே செய்தார். பிறகு கிடைத்தவை பெரும்பாலும் மலிவான காட்டுப் படங்கள். சர்க்கஸிலும் யானைகளோடு தோன்றினார். இடையில், ஒரு குழந்தைக்கு அவர்தான் தந்தை என்று தொடுக்கப்பட்ட வழக்கு ஒன்று அவர் பெயரைப் பத்திரிகைகளில் அடிபட வைத்தது. 1960-ல் அண்ணன் கொலையுண்டார்.

1963 டிசம்பர் 2 அன்று மாரடைப்பில் இறந்தபோது சாபுவுக்கு வயது 39. கடைசிப் படம் மறு ஆண்டுதான் திரைக்கு வந்தது.