கேப்டன் ஆனபின் ரன் வரவில்லை: ஏற்காட்டு முகாமுக்குப் பணம் கட்டலாமா?

சேலம் அம்மாப்பேட்டையில் பட்டு நெசவு செய்யும் வாசகர் ஒருவர் தம் மகனைப் பற்றி எழுதியிருக்கிறார். மகனுக்கு 22 வயது. மாவட்ட லீக்கில் தொடக்க ஆட்டக்காரராக ஆடுகிறார். தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் எடுக்கப்பட வேண்டும் என்பது இலக்கு. சென்ற சீசனின் நடுவில் அவரை அணியின் கேப்டன் ஆக்கினார்கள். அதன்பின் ஆடிய 9 ஆட்டங்களில் ஒருமுறைகூட அவர் 30 ரன்னைத் தாண்டவில்லை; வலைப்பயிற்சியில் மட்டும் பழையபடியே அடிக்கிறார். இரவில் ஃபீல்டிங் திட்டம் எழுதுகிறார், காலையில் கண்ணாடி முன் நின்று முழங்கையைத் திருத்துகிறார். அவர் வீசும் இடக்கைச் சுழற்பந்தும் கடைசி 2 ஆட்டங்களில் “கையை விட்டே வரவில்லை”யாம். இதற்கிடையில் ‘மைண்ட் கோச்’ ஒருவர் ஏற்காட்டில் 5 நாள் முகாமுக்கு 45,000 ரூபாய் கேட்டு, 10,000 முன்பணமும் வாங்கிவிட்டார். மீதியைக் கட்டலாமா, பையனுக்கு ஏதாவது மனநோயா என்பது கேள்வி.

மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவற்றை வைத்துப் பார்த்தால் மனநோய் என்று சொல்ல எதுவும் இல்லை. உங்கள் மகனின் தைரியம் எங்கும் போய்விடவில்லை. ஒருவர் செய்ய வேண்டிய நேரத்தில் இரண்டு பேருடைய வேலையை அவர் செய்துகொண்டிருக்கிறார்.

தறியில் உட்காரும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நாடா போகும் வேகத்துக்குக் காலும் கையும் தாமாகவே இயங்குகின்றன; பக்கத்தில் ஒருவர் வந்து நின்று, “இப்போது எந்தக் கால் முதலில் மிதித்தது?” என்று கேட்டு, நீங்களும் அதைக் கவனிக்கத் தொடங்கினால், அடுத்த நிமிடமே இழை அறுகிறது. பல ஆண்டுப் பழக்கத்தால் உடம்புக்குள் போய்விட்ட ஒரு செயலை, நெருக்கடியான நேரத்தில் அறிவு மறுபடியும் துண்டு துண்டாகப் பிரித்து மேற்பார்வை செய்ய முயன்றால், அந்தச் செயலின் ஓட்டம் கெடும் என்பது விளையாட்டு உளவியலில் நன்கு ஆராயப்பட்ட விஷயம். கண்ணாடி முன் முழங்கையைத் திருத்துவது இந்த வகை. ஃபீல்டிங் திட்டம் இன்னொரு வகை: மனம் ஒரே சமயத்தில் ஏந்தக்கூடிய விஷயங்கள் மிகச் சில. பந்து வீசுபவர் ஓடிவரும்போது, “அடுத்த இன்னிங்ஸில் யாரை முதல் ஓவர் போடச் சொல்லலாம்” என்ற நினைப்பு அந்தச் சிறிய இடத்தில் உட்கார்ந்துவிட்டால், பந்துக்கு மிச்சம் கிடைப்பது பாதிதான்.

பெரிய பெயர்களுக்கும் இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் இயன் போத்தம் கேப்டனாக இருந்த 12 டெஸ்டுகளில் ஒன்றில்கூட அணி வெல்லவில்லை. 1981இல் லார்ட்ஸ் டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் அவர் ரன் எடுக்காமல் ஆட்டமிழந்தபின் பொறுப்பு கைமாறியது. பின்னாளில் உளப்பகுப்பாய்வாளர் ஆன மைக் பிரேர்லி கேப்டனாக வந்தார். அடுத்த ஹெடிங்லி டெஸ்டிலேயே போத்தம் ஆட்டமிழக்காமல் 149 எடுத்தார், முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆட வேண்டிய ‘ஃபாலோ ஆன்’ நிலைக்குத் தள்ளப்பட்டும் இங்கிலாந்து 18 ரன்னில் வென்றது. நம் சென்னை அணியிலும் 2022இல் ரவீந்திர ஜடேஜா 8 ஆட்டங்களுக்குப் பிறகு, தம் ஆட்டத்தில் கவனம் செலுத்த வேண்டும் என்று பொறுப்பைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்தார். அதற்காக அவரை யாரும் மனநோயாளி என்று சொல்லவில்லை. கேப்டன் ஆனதும் ஆட்டம் மெருகேறுபவர்களும் உண்டு. அவர்களுடைய தந்தையர் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

இனி அந்த முகாம். அதன் விளம்பரத் துண்டை நீங்கள் இணைத்திருந்தீர்கள். இத்தகையவற்றை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். விரல்ரேகையை ஸ்கேன் செய்து மூளையின் எந்தப் பகுதி வலுவானது என்று சொல்கிறோம் என்பதற்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. நெருப்புக் கங்குகளின் மேல் நடக்க வைத்துப் பயத்தைப் போக்குகிறோம் என்கிறார்கள். ஆடி மாதத்தில் நம் ஊர் மாரியம்மன் கோயில்களில் நேர்ந்துகொண்டு தீ மிதிப்பவர்கள் அதைப் பக்தியோடு செய்கிறார்கள், அதில் எனக்குக் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கரி வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதாலும் பாதம் அதன்மேல் நொடிப்பொழுதே படுவதாலும் நடக்க முடிகிற ஒரு காரியத்தை, வெளிப்பக்கம் வளைந்து செல்லும் அவுட் ஸ்விங்கர் பந்தை ஆடும் திறமையாக மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் பணம் வாங்குவது வேறு. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் 5 நாள் இருந்துவிட்டு வந்தால் யாருக்கும் மனம் லேசாகத்தான் இருக்கும். கீழே இறங்கியதும் அதே ஆட்டம், அதே கேப்டன் பொறுப்பு காத்திருக்கும்.

வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனின் படத்தைத் துண்டில் அச்சடித்திருக்கிறார்களே, அவருடைய கதை இவர்களுக்கு எதிரான சாட்சி. 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபின் அவருடைய பந்துவீச்சு முறையின்மேல் புகார் எழுந்தது. அவர் அந்த முறையையே மாற்றியமைத்துக்கொண்டு, படிப்படியாக மேலே வந்து, 2020 டிசம்பரில்தான் இந்தியாவுக்காக முதன்முறையாக ஆடினார். இடையில் இருப்பது 5 நாளல்ல, 5 ஆண்டுகளுக்கும் மேல்.

துண்டின் கடைசி இரண்டு வரிகள்தான் எனக்குக் கோபத்தை வரவழைத்தன. ஒன்று, “தேர்வாளர்களுடன் நேரடித் தொடர்பு” என்கிறது. ஒரு வீரரை ஏலத்தில் எடுப்பது அணிகள். மனப்பயிற்சியாளர் எனச் சொல்லிக்கொள்பவருக்கு அங்கே இருக்கை கிடையாது, இருப்பதாகச் சொன்னால் அவர் தரகர். மற்றொன்று, “கவனத்தைக் கூட்டும் மூலிகைச் சூரணம் இலவசம்”. இதை மகன் தொடவே கூடாது. 2019 முதல் இந்தியக் கிரிக்கெட்டும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சோதனை வரம்புக்குள் இருக்கிறது. சீட்டு ஒட்டாத பொடியில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், கொடுத்தவர் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள், உடம்பில் இருந்ததா என்று மட்டுமே கேட்பார்கள். படபடப்பைக் குறைக்க யாராவது மாத்திரை நீட்டினாலும் இதே பதில்தான்: மருத்துவரின் சீட்டு இல்லாமல் வேண்டாம்.

இப்படிப்பட்டவர்கள் பெருகுவதற்கு நம் அமைப்புதான் இடம் கொடுக்கிறது. மருத்துவ உளவியலர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் ‘மைண்ட் கோச்’ என்ற பலகையை மாட்ட எந்தப் பதிவும் தேவையில்லை. வீரருக்குச் சீருடை கொடுப்பார்கள், காலணி கொடுப்பார்கள், முழங்காலுக்கு ஐஸ் வைக்க ஆள் கொடுப்பார்கள்; 9 ஆட்டம் தடுமாறுகிற 22 வயதுப் பையனிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லை. அதிக ரன் அடித்தவருக்குப் பரிசு கொடுப்பதுபோலக் கேப்டன் பதவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று ஒரு மாலை நேரம்கூடச் சொல்லித்தருவதில்லை. அதன் விளைவுக்குத் தந்தை பணம் கட்டுகிறார்.

செய்ய வேண்டியவை சில, அவற்றுக்குச் செலவில்லை. முதலில், பேட்டிங் நேரத்தில் கேப்டன் வேலையைத் துணைக் கேப்டனிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். மகன் பேடு கட்டியது முதல் ஆட்டமிழந்து பேடு கழற்றும்வரை யாரும் அவரிடம் அணி விஷயம் பேசக் கூடாது. ஃபீல்டிங் திட்டத்தை முந்தின நாள் மாலை 7 மணிக்குள் எழுதி முடித்து நோட்டை மூடிவிட வேண்டும். கண்ணாடிப் பயிற்சியை இப்போதைக்கு நிறுத்தட்டும். முழங்கையில் உண்மையிலேயே குறை இருந்தால் சீசன் முடிந்தபின் பயிற்சியாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்தது பந்துக்கும் பந்துக்கும் இடைப்பட்ட நேரம். அண்மையில் நகரத்து மைதானம் ஒன்றில் இதே நிலையிலிருந்த ஓர் இளைஞரைக் கவனித்தேன். ஒரு பந்து விளிம்பில் பட்டுத் தப்பியது. உடனே கையுறையின் பட்டையைப் பிரித்து ஒட்டினார், ஸ்கோர் பலகையைப் பார்த்தார், வேப்பமரத்தடியில் நின்றிருந்த தம் தந்தையைப் பார்த்தார், மறுபடி பட்டையைப் பிரித்தார்; பந்துவீச்சாளர் பாதித் தூரம் வந்தபிறகுதான் தலை நிமிர்ந்தது. அவரை நான்கு காரியங்களுக்குப் பழக்கினோம்: ஸ்கொயர் லெக் பக்கம், அதாவது தம் முதுகுப் பக்கமாக, இரண்டு அடி நகர்வது, மட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் ஒரே எழுத்தைப் பார்ப்பது, மூச்சை நீளமாக வெளியே விடுவது, மட்டையைத் தரையில் இரண்டு முறை தட்டி நிமிர்ந்து பந்தை மட்டும் பார்ப்பது. ஃபோர் அடித்தாலும், தப்பிப் பிழைத்தாலும் அதே வரிசைதான். வலையில் மூன்று வாரம் பழகினால்தான் ஆட்டத்தில் அது தானாக வரும்.

வலைப்பயிற்சியையும் மாற்ற வேண்டும். வலையில் ஆட்டமிழந்தவர் அடுத்த பந்தை ஆடுகிறார். உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு மன்னிப்புக் கிடையாது. 12 பந்தில் 16 ரன் தேவை, அவுட் ஆனால் பேடைக் கழற்றிவிட்டு வெளியே போய் மற்றவர்களுக்குப் பந்து பொறுக்க வேண்டும் என்று வாரம் இரண்டு முறையாவது சக வீரர்கள் பார்க்க ஆடட்டும். நெருக்கடியைச் சிறிது சிறிதாகப் பழக்கினால்தான் உடம்பு அதற்குப் பழகும்.

பந்து கையை விட்டு வரவில்லை என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்ததைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலே சொன்னது எதுவும் இதற்குப் பொருந்தாமல் போகலாம். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்கள் சிலருக்குப் பந்தை விடும் கணத்தில் விரல்கள் இறுகிக்கொள்வது உண்டு. கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கும் இது வருகிறது. சிலருக்கு இது வெறும் பதற்றம். சிலருக்கு, பல்லாயிரம் முறை செய்த ஒரு நுண்ணிய அசைவில் மட்டும் தசை கட்டுப்பாட்டை இழக்கும் நரம்பியல் சிக்கல். இரண்டும் கலந்தும் இருக்கலாம். பேட்ஸ்மேன் இல்லாமல், பார்க்க ஆள் இல்லாமல், வெறும் ஸ்டம்ப்பை நோக்கி மகனை 30 பந்து வீசச் சொல்லுங்கள். அப்போது தடையில்லாமல் வந்தால் பெரும்பாலும் பதற்றம்தான். ஆட்டத்தில் சில வாரம் பந்து வீசாமல் பேட்டிங்கை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். தனியாக வீசும்போதும் விரல் இறுகினால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த 30 பந்தையும் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள், ஏனெனில் மருத்துவரின் மேசையில் விரல் ஒழுங்காகத்தான் இருக்கும். “பயப்படாதே, விடு” என்று அவரைத் திட்டுவது மட்டும் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் பேசினாலோ, விளையாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்; 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆட்டம் முடிந்து வண்டியில் வீடு திரும்பும்போது ஆட்டத்தைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அவரே எடுத்தால், “அந்தப் பந்துக்கு முன்னால் மனதில் என்ன ஓடியது?” என்று மட்டும் கேளுங்கள். பதிலில் ஃபீல்டிங் வந்தால் துணைக் கேப்டன் ஏற்பாடு இன்னும் சரியாக நடக்கவில்லை, முழங்கை வந்தால் கண்ணாடி இன்னும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்தும் மாற்றம் இல்லையென்றால், பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு ஓர் உளவியலரிடம் போங்கள். கேப்டன் பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது பற்றி அப்போது மகனே முடிவு செய்யட்டும்.

முன்பணம் 10,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் செய்தி அனுப்புங்கள்; பணம் அனுப்பிய பதிவையும் அந்த விளம்பரத் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அந்த ஆள் மகனுடைய எண்ணுக்கு அழைத்து, “பாதியில் விட்டால் தோல்வி மனப்பான்மை நிரந்தரமாகிவிடும்” என்று சொல்லிப் பார்ப்பார். ஆகவே, அவருடனான பேச்சு முழுவதையும் உங்கள் எண்ணிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.