நெக் போகவில்லை, ட்ரஸ் ராட் இறுகிக் கிடக்கிறது

கேள்வி (திருப்பூர் வாசகர்): ஆகஸ்டில் ஒரு புரோக்கர் மூலம் 4 ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது ஆக்‌ஷன் (விரல்பலகைக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) நன்றாகத் தாழ்ந்து, வாசிக்க சுகமாக இருந்தது. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து ஈ, ஏ ஸ்ட்ரிங் இரண்டிலும் முதல் 5 ஃப்ரெட்டுக்குள் (நெக்கின் குறுக்கே பதித்த கம்பிகள்) எங்கே அமுக்கினாலும் கரகரவென்கிறது. ஆம்பிலும் கேட்கிறது. மேலே போனால் சத்தம் சுத்தமாக இருக்கிறது. புரோக்கர் அனுப்பிய சர்வீஸ் கடையில், "நெக் போச்சு. ஃப்ரெட் லெவல் பண்ணி, நட் மாத்தி, இம்போர்ட்டட் பிக்கப்பும் போட்டுடலாம், 9,500 ஆகும்" என்கிறார்கள். கொடுக்கலாமா? ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் கம்பி) நாமே திருப்பினால் உடைந்துவிடும் என்பது உண்மையா? ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங் போட்டால் சரியாகுமா?

பதில்:

கொடுக்காதீர்கள். முதலில் அந்தப் பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சிக்னலாக்கி ஆம்புக்கு அனுப்புவது) மறந்துவிடுங்கள். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசுவதால் வரும் சத்தத்துக்கும் பிக்கப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஆம்பை அணைத்துவிட்டு வாசித்தாலும் உங்கள் பேஸ் கரகரக்கும். வாசிக்கத் தெரிந்த எவரும் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கிற விஷயம் இது. அதற்குப் பிக்கப்பை எஸ்டிமேட்டில் சேர்க்கிற கடை, மற்ற இரண்டு வேலையையும் யோசித்துச் சொல்லியிருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன அறிகுறியே பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது. ஸ்ட்ரிங்கை அமுக்காமல் தட்டும்போது மட்டும் கரகரத்தால் நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் படியும் பட்டை) பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. கீழிருந்து மேல்வரை எல்லா இடத்திலும் வந்தால் பிரிட்ஜில் (பாடியில் ஸ்ட்ரிங் முடியும் இடம்) சேடில் (ஸ்ட்ரிங்கைத் தாங்கும் சிறு துண்டு) தாழ்ந்திருக்கிறது. முதல் 5 ஃப்ரெட்டுக்குள் வந்து, அதற்கு மேல் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் நெக் பின்பக்கமாக வளைந்திருக்கிறது.

ஏன் வளைகிறது? நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை முன்பக்கமாக ஏறக்குறைய 75 கிலோ விசையில் இழுக்கின்றன. அதற்கு எதிராக நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். இரண்டும் சமமாகி, நெக் மிகமிக லேசாக முன்பக்கம் குழிந்திருக்க வேண்டும். பேஸ் ஸ்ட்ரிங் அகலமாக ஆடும். ஆடுவதற்கு அந்தக் குழிவு இடம் தருகிறது. இதற்கு ரிலீஃப் என்று பெயர். ராடின் கை ஓங்கினால் ரிலீஃப் போய், நெக் பின்பக்கம் முதுகு காட்டும். அப்போது ஸ்ட்ரிங் முதல் ஃப்ரெட்டுகளின் மேல் படுத்துக்கொள்கிறது.

ஆகஸ்டில் சுகமாக இருந்தது என்கிறீர்களே, சந்தேகம் அங்கேதான். பழைய பேஸை விற்பவர்கள் ஆக்‌ஷனைக் குறைத்துக் காட்ட ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். சேடில்களை ஒவ்வொன்றாக இறக்கினால் நேரமாகும், இன்டொனேஷனும் (நெக் முழுக்கச் சுருதி சரியாக நிற்பது) திரும்பப் பார்க்க வேண்டும். ட்ரஸ் ராடை ஒரு இறுக்கு இறுக்கினால் நிமிடத்தில் ஸ்ட்ரிங் தாழ்ந்துவிடும். வாங்குபவர் கை வைத்துப் பார்த்து மகிழ்ந்து காசு கொடுப்பார். மரம் அந்த இறுக்கத்துக்கு மெதுவாக இசைந்துகொடுக்கும்; பருவம் மாறி ஈரப்பதமும் மாறினால் இன்னும் நகரும். அதற்குள் புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கி முடித்திருப்பார். பிறகு அவரே காட்டும் சர்வீஸ் கடையில் மூன்றாவது கமிஷன்.

இதே ரகத்தில் இன்னும் இரண்டு உண்டு. பழைய ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய சாதாரண வகை) ஸ்ட்ரிங்கைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து மாட்டினால் ஒரு வாரத்துக்குப் புதுசு போலக் கணீரென்று கேட்கும், பிறகு செத்துவிடும். இன்னொன்று, டெமோ காட்டும்போது எல்லா ஸ்ட்ரிங்கையும் அரை ஸ்தாயி போலக் கீழே இறக்கிவைப்பது... அரை ஸ்தாயி என்பது கோபத்தில் வந்தது. அரை அல்லது ஒரு ஸ்டெப்தான் (ஒன்று அல்லது இரண்டு ஃப்ரெட் அளவு) இறக்குவார்கள். விரலுக்கு மெத்தென்று இருக்கும். போனில் ட்யூனர் ஆப் இருந்தால் போதும்: ஈ ஸ்ட்ரிங் 41.2 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டூவீலர் ஸ்பேர் கடையில் டேப்பட் செட் பண்ணும் ஃபில்லர் கேஜ் (தடிமன் பொறித்த மெல்லிய தகடுகளின் கொத்து) கிடைக்கும், ஒன்று வாங்குங்கள். ஒரு கேபோ (ஸ்ட்ரிங்குகளை ஃப்ரெட்டில் அமுக்கிப் பிடிக்கும் கவ்வி), இரும்பு ஸ்கேல். முதலில் பேஸை ஸ்டாண்டர்டுக்கு ட்யூன் செய்யுங்கள். ட்யூன் செய்யாமல் எடுக்கும் அளவு குப்பை. முதல் ஃப்ரெட்டில் கேபோ மாட்டி, நெக் பாடியோடு சேரும் இடத்தில் (16 அல்லது 17-வது ஃப்ரெட்) ஈ ஸ்ட்ரிங்கை அமுக்கிப் பிடியுங்கள். பேஸ் வாசிக்கும் நிலையில் மடியில் இருக்கட்டும். மேசையில் மல்லாக்கப் போட்டால் அளவு மாறும். இப்போது ஸ்ட்ரிங்தான் உங்கள் நேர்கோடு. 7, 8-வது ஃப்ரெட்டின் தலைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிக்கும் நடுவே 0.3 மி.மீ. தகடு உரசியும் உரசாமலும் நுழைய வேண்டும். கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டு. பொதுவாக அதே அளவுக்கு வரும். ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ., அது நுழைந்தால் ரிலீஃப் அதிகம்.

உங்கள் பேஸில் விசிட்டிங் கார்டு என்ன, சிகரெட் பெட்டித் தாள்கூட நுழையாது என்று நினைக்கிறேன். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டைத் தொட்டுக்கொண்டு, தட்டினால் டிக் என்ற சத்தம்கூட வராமல் கிடந்தால் உறுதி. அப்படியானால் ராடைத் தளர்த்த வேண்டும்.

உடைந்துவிடும் என்ற பயம் இறுக்குபவருக்கு உரியது. நீங்கள் தளர்த்தப் போகிறீர்கள். ராட் முறிவதும் மரை போவதும் பெரும்பாலும் இறுகியதை மேலும் இறுக்கும்போது நடப்பவை. தளர்த்துவதில் உள்ள ஆபத்து வேறு: சரியான அளவு இல்லாத ஆலன் கீயைச் செருகி, அறுகோணக் குழியின் விளிம்பை மழுக்கிவிடுவது. மழுங்கிவிட்டால் அப்புறம் 9,500 என்பது மலிவாகத் தெரியும். ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர் கீ, 4 அல்லது 5. அமெரிக்கத் தயாரிப்பில் இஞ்ச் கணக்கு. 3/16 இஞ்ச் என்றால் 4.76 மி.மீ. அதில் 5 நுழையாது, 4.5 லொடலொடவென்று ஆடும். ஆடுகிற கீயால் திருப்பாதீர்கள். அடிவரை செருகி, ஆட்டம் இல்லை என்று தெரிந்த பிறகே திருப்புங்கள்.

ராடின் முனையில் உள்ள நட்டை (ஸ்ட்ரிங் படியும் நட் அல்ல) நேருக்கு நேர் பார்த்தபடி இடப்பக்கம், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். திரும்ப ட்யூன் செய்யுங்கள், திரும்ப அளந்து பாருங்கள். இன்னும் இடைவெளி வரவில்லையென்றால் மறுபடி கால் சுற்று. மொத்தம் அரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டியிருந்தால் ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். மரம் உடனே இணங்காது.

ரிலீஃப் 0.3-க்கு வந்ததும் ஆக்‌ஷன் கொஞ்சம் ஏறியிருக்கும். அதை இப்போது, சேடிலில்தான் இறக்க வேண்டும். பல பேஸ்களில் 1.5 மி.மீ. ஆலன் கீ. 17-வது ஃப்ரெட்டின் தலையிலிருந்து ஸ்ட்ரிங்கின் அடிவரை ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. வைத்துப் பாருங்கள். இதற்கும் கீழே இறக்கி, கரகரப்பும் வேண்டாம் என்றால் மிகவும் மென்மையாக வாசிக்கப் பழக வேண்டும். கடைசியாக இன்டொனேஷன்: 12-வது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அமுக்காமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அமுக்கிய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டு, அமுக்கியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ரிலீஃப், ஆக்‌ஷன், இன்டொனேஷன். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையையே திரும்பச் செய்வீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், உங்களுக்கும் அது நேரலாம். கீயைச் செருகித் திருப்பினால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் லூசாகச் சுற்றுகிறது, ஆனாலும் நெக் பின்பக்கமே வளைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராடில் இரண்டு வகை உண்டு. ஒற்றைச் செயல் ராடுக்கு நெக்கைப் பின்னே இழுக்க மட்டுமே தெரியும். முழுக்கத் தளர்ந்தபின் அதனால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. இரட்டைச் செயல் ராடில் லூசாகச் சுற்றும் இடத்தைத் தாண்டி அதே பக்கம் திருப்பினால் மறுபடி பிடிப்பு வரும். அங்கிருந்து அது நெக்கை முன்னே தள்ளும். ஆகவே லூசாகிவிட்டது என்று நிறுத்தாமல் மெல்ல ஒரு சுற்று தொடர்ந்து பாருங்கள். பிடிப்பு வந்தால் பழையபடி கால் கால் சுற்றாகப் போங்கள். பிடிப்பு வராமல் ராடின் நட் கையோடு கழன்று வரப் பார்த்தால் ஒற்றைச் செயல், நிறுத்திவிடுங்கள். அப்போது என்ன செட் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் 40-95 (மிக மெல்லிய, மிகத் தடித்த ஸ்ட்ரிங்கின் தடிமன், இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போன்ற மெல்லிய செட் போட்டிருக்கலாம். 45-105-க்கு மாறினால் இழுவை கூடி நெக் தானாக முன்னே வரும். செட்டை மாட்டி, ராட் தளர்ந்த நிலையிலேயே ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாத நெக்கைத்தான் "போச்சு" என்று சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு.

அதற்கு முன்னால் ஃப்ரெட்டில் அரம் வைக்க விடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்பக்கம் வளைந்த நெக்கில் நடுவில் உள்ள ஃப்ரெட்டுகள்தான் உயரமாக நிற்கும். அந்த நிலையிலேயே லெவல் செய்தால் அரம் அவற்றைத்தான் தின்னும். பிறகு யாராவது ராடைச் சரிசெய்து நெக் நேராகும்போது நடுவில் நிரந்தரப் பள்ளம் இருக்கும். புது ஃப்ரெட்டின் உயரமே ஏறத்தாழ 1 மி.மீ. அல்லது கொஞ்சம் கூட. அரைத்தது திரும்பி வராது. ராட் திருப்பியதை மறுபடி திருப்பிவிடலாம். இந்த வித்தியாசம் தெரிந்த கடைக்காரர் ராடிலிருந்துதான் ஆரம்பிப்பார். லெவல் தேவையா என்று பார்ப்பதும் எளிது: மூன்று ஃப்ரெட்டுக்கு மட்டும் எட்டும் நேரான இரும்புத் துண்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். டக்டக்கென்று ஆடினால் நடு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. ஆடாவிட்டால் லெவலுக்கு வேலையில்லை. நட்டுக்கும் அப்படியே: 3-வது ஃப்ரெட்டில் அமுக்கி, முதல் ஃப்ரெட்டின் மேல் மயிரிழை இடைவெளி இருந்தால் நட் நன்றாக இருக்கிறது.

ஏசி மெக்கானிக்குக்கு ஐடிஐயில் படிப்பு இருக்கிறது, ஃபிட்டருக்கு இருக்கிறது. கிட்டார் சர்வீஸுக்கு அப்படி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். புது பேஸையே பெரும்பாலான கடைகள் பெட்டியைப் பிரித்து அப்படியே சுவரில் தொங்கவிடுகின்றன, செட்டப் என்று ஒன்று உண்டு என்பதையே வாங்குபவரிடம் சொல்வதில்லை. ஈ ஸ்ட்ரிங் ஒன்று அறுந்தால் பல கடைகளில் தனியாகக் கிடைக்காது, முழு செட் வாங்க வேண்டியிருக்கும். போலி பாக்கெட்டும் கலந்து வருகிறது. இந்த லட்சணத்தில் வாடிக்கையாளர்தான் அளவு தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. கடைக்குப் போக நேர்ந்தால், ரிலீஃப் எத்தனை மி.மீ. இருந்தது, எத்தனை வைத்தீர்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பேஸை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பேஸின் பின்னால் 9 வோல்ட் பேட்டரிக்கு மூடி இருந்தால் இதையும் கவனியுங்கள். ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். தீரும் தறுவாயில் சத்தம் கரகரத்து உடைந்து வரும். அதற்கு ப்ரீஆம்ப் (அந்தப் பேட்டரியில் ஓடும் உள் சர்க்யூட்) போச்சு என்று பில் போடுபவர்களும் உண்டு. ஆம்பில் மட்டும் கேட்கும் கரகரப்பு என்றால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான பட்டை சுற்றிய வழவழப்பான ஸ்ட்ரிங்) பற்றி: உரசல் சத்தத்தின் கூர்மை மழுங்கும், நெக் வளைவு அப்படியே இருக்கும். ஆனால் பல ஃப்ளாட்வவுண்ட் செட்களின் இழுவை ரவுண்ட்வவுண்டைவிட அதிகம் என்பதால் நெக்கைக் கொஞ்சம் முன்னே கொண்டுவரவும் செய்யலாம். பழைய சினிமாப் பாட்டின் தடித்த, மங்கலான பேஸ் சத்தம் பிடிக்குமென்றால் தாராளமாகப் போடுங்கள். பாக்கெட்டில் 34 இஞ்ச் லாங் ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை உள்ள நீளம்) என்று இருக்கிறதா பாருங்கள். பழைய நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மறுநாள் ட்யூன் செய்து ரிலீஃபைத் திரும்ப அளந்து பாருங்கள். 0.4-ஐத் தாண்டியிருந்தால், ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, இந்த முறை வலப்பக்கம் கால் சுற்று.