வெள்ளம் வடிந்த ஆற்றில் படகை இறக்கலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பள்ளி விடுமுறையில் நான், மச்சான், பன்னிரண்டு வயது மகன் மூவரும் லாசா பக்கம் பிளஸ் ஆற்றில் ரப்பர் படகை இறக்கி, மிதந்தபடியே தூண்டில் போட்டுக்கொண்டு லிந்தாங் பக்கம் கரையேறலாம் என்றிருந்தோம். போன வாரம் பெரிய வெள்ளம். இப்போது வடிந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை போகலாமா?"

வருகிற சனிக்கிழமை வேண்டாம். அதற்கடுத்த வாரம் போக முடியுமா என்பதை நீங்களே ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்து முடிவு செய்யலாம். மகனை மட்டும் இந்த முறை வீட்டில் விட்டுவிடுங்கள். கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

லயத்து வாசலை விட்டுத் தண்ணீர் இறங்கினால் நாம் வடிந்துவிட்டது என்கிறோம். ஆற்றில் அப்போதும் இரு கரைக்கும் நடுவே தண்ணீர் முட்ட முட்ட ஓடிக்கொண்டிருக்கும். செம்பனைக் காட்டுக்குள் பரந்து நின்றபோது மெதுவாக இருந்த அதே தண்ணீர், ஆற்றுக்குள் திரும்பியதும் வேகம் பிடிக்கும்.

ஜேபிஎஸ் என்கிற வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோ பஞ்சீர் என்ற வெள்ளத் தகவல் இணையப் பக்கத்தில் ஆற்று மட்டம் தெரியும். பச்சையாக இருக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த நிறங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வருமா என்பதற்காக வைத்தவை, படகுக்காரனுக்காக அல்ல. மட்டம் மூன்று நாளாவது தொடர்ந்து இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் தண்ணீரின் நிறம். தே தாரேக், அதாவது பால் தேநீர் நிறத்தில் இருந்தால் வீட்டிலேயே இருங்கள். பால் சேர்க்காத தே ஓ அளவுக்குத் தெளிந்து, முழங்கால் ஆழத்தில் உங்கள் பாதம் தெரிந்தால் யோசிக்கலாம்.

வேகத்தைக் கண்ணால் அளக்க முடியாது. கரையோரம் ஐம்பது மீட்டர் அளந்து, ஒரு காய்ந்த தேங்காய் மட்டையை நடு ஆற்றில் எறிந்து நேரம் பாருங்கள். ஐம்பது வினாடி ஆனால் மணிக்கு 3.6 கிலோமீட்டர், நாம் நிதானமாக நடக்கிற வேகம், துடுப்பால் சமாளிக்கலாம். இருபத்தைந்து வினாடியில் கடந்தால் தூண்டிலைக் கட்டி வைத்துவிடுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். அந்த வேகத்தில் மீன் பிடிக்கவும் முடியாது, நல்ல இடமெல்லாம் தூண்டிலை வீசுவதற்குள் கடந்து போய்விடும்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது வேகத்துக்கு அல்ல, சாய்ந்த மூங்கிலுக்கு. வெள்ளம் வளைவின் வெளிக்கரையை அரித்து, மூங்கில் புதரை வேரோடு ஆற்றில் சாய்த்துவிடும். அதனூடே தண்ணீர் போகும், ஆள் போக முடியாது. சல்லடையில் சிக்கிய தேயிலை மாதிரி அங்கேயே அழுத்தி வைத்துவிடும். பல வருடங்களுக்கு முன் விடுமுறை வீணாகிறதே என்று அவசரப்பட்டு இறங்கி, நான் ஒரு படகையும் இரண்டு தூண்டிலையும் இப்படிப்பட்ட புதருக்குக் கொடுத்திருக்கிறேன். வளைவு வருமுன்பே உள்கரைப் பக்கம் ஒதுங்குங்கள். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். தவறி விழுந்தால் மல்லாந்து, கால் நீரோட்டத் திசையில் இருக்கட்டும். சாய்ந்த மரத்தை நோக்கி இழுத்தால் மட்டும் குப்புறப் புரண்டு, தலை முன்னே போக நீந்தி அதன் மேல் ஏறப் பாருங்கள், அடியில் போய்விடக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். கயிற்றை யாரும் இடுப்பில் கட்டக் கூடாது. கையெட்டும் இடத்தில் ஒரு கத்தி இருக்கட்டும்.

பிளஸ் ஆறு காட்டுக்குள்ளிருந்து வருவது. மேலே மழை பெய்தால், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயர் என்கிற திடீர் வெள்ளம் வந்துவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக வருவது, மேலே இரைச்சல் கேட்பது, இதில் எதைக் கண்டாலும் பொருளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். மணல் திட்டில் கூடாரம் வேண்டவே வேண்டாம். பேராக் ஆற்றின் கதை வேறு. தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், 1930-இல் முடிந்த செண்டெரோ என்று வரிசையாக நான்கு அணைகள் மேலே இருப்பதால், மின்சாரம் எடுப்பதைப் பொறுத்து மழையே இல்லாத நாளிலும் மட்டம் ஏறி இறங்கும். எனவே ஓர் ஆற்றில் பழகிய கணக்கை மற்றதில் போடாதீர்கள்.

கிளம்பும் முன் பகலில் ஒரு முறை மோட்டார் சைக்கிளில் போய் கரையேறும் இடத்தைப் பாருங்கள். போன வருடம் இருந்த படித்துறை இப்போது சேற்றுக்குழியாக இருக்கலாம், தோட்டத்துச் சாலையில் மதகு உடைந்திருக்கலாம். லாசாவுக்கும் மேலே ஒராங் அஸ்லி பழங்குடிக் கிராமத்துப் பக்கம் போவதாக இருந்தால் அவர்கள் தலைவரான தோக் பாத்தினிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எத்தனை மணிக்கு எங்கே ஏறுவீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

சரி, மீனுக்கு வருவோம். பழைய லுபோக்கை, அதாவது மீன் தங்கும் ஆழமான மடுவைத் தேடி ஏமாறாதீர்கள், வெள்ளம் மணலைக் கொட்டி மடுவை மூடியிருக்கலாம். செபாராவ் கண்ணால் வேட்டையாடும் மீன், கலங்கல் நீரில் ஸ்பூன் என்கிற உலோகப் போலி இரையைப் போட்டுப் பயனில்லை. சிற்றோடை ஒன்று தெளிந்த நீரோடு ஆற்றில் கலக்கும் இடம் கிடைத்தால், இரண்டு நிறமும் சேரும் கோட்டை ஒட்டி வீசிப் பாருங்கள். மற்ற இடத்திலெல்லாம் பாவுங்தான் கைகொடுக்கும். அது மோப்பத்தில் வரும் கெளுத்தி இனம், மண்புழுவும் கோழிக்குடலும் போதும், ஈயக்குண்டைச் சற்றுக் கனமாகக் கட்டுங்கள். லம்பாம் மீனுக்குப் பழுத்த செம்பனைப் பழம். அதைக் கடையில் தேட வேண்டியதில்லை, உங்கள் ஊரில் காலில் இடறும்.

கரையேறும்போது குப்பை ஒதுங்கிய மேடுகளில் கை வைக்காதீர்கள், வெள்ளத்தில் தப்பிய பாம்புகள் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். காலில் புண் இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த வெள்ள நீர் புண் வழியாகவும் கண் வழியாகவும் எலிக்காய்ச்சலைக் கொடுக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி என்று வரும். அப்படி வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் கிளினிக்குக்குப் போய், ஆற்றில் இறங்கினேன் என்று முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.