ஹாகியா ஐரீனின் சிலுவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் இஸ்தான்புல்லில் ஹாகியா ஐரீன் தேவாலயத்தைப் பார்த்தேன். பீடத்துக்கு மேலே பொன்பரப்பில் ஒரு சிலுவை மட்டும்தான். இயேசுவும் இல்லை, மாதாவும் இல்லை. படவணக்கத்தை எதிர்த்தவர்கள் செய்தது என்றார்கள். அவர்களை அந்தக் காலத்துப் பகுத்தறிவாளர்கள் என்று சொல்லலாமா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்ல முடியாது. நீங்கள் பார்த்த சிலுவையே அதற்குச் சாட்சி. 740-இல் நிலநடுக்கத்தில் சிதைந்த அந்தக் கோயில் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் காலத்தில் புதுப்பிக்கப்பட்டது. 754-இல் ஹியெரியா என்ற இடத்தில் 338 ஆயர்களைக் கூட்டிப் படங்களை விலக்கிய பைசாந்தியப் பேரரசர் அவர். அவர் கேட்டது முழுக்க ஒரு விசுவாசியின் கேள்வி. இயேசு கடவுளும் மனிதரும் ஆனவர். ஓவியன் வரைவது எதை? மனித உடலை மட்டும் என்றால் அதைக் கடவுளிடமிருந்து பிரித்துவிட்டான். இரண்டையும் என்றால் எல்லையற்றவரைக் கோட்டுக்குள் அடைத்துவிட்டான். பூசையில் பகிரும் நற்கருணை அப்பம்தான் அவருடைய மெய்யான உருவம் என்றார்.

எதிர்த்தரப்பும் பாமரர்கள் அல்ல. தமஸ்கு யோவான் என்ற துறவி கலீபாவின் ஆட்சிப்பகுதியில் இருந்ததால் பேரரசரின் கை அவரை எட்டவில்லை. கடவுளே உடலெடுத்து வந்தபின் மரமும் வண்ணமும் எப்படி இழிவாகும் என்று அவர் வாதிட்டார். 787-இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் ஆராதனை கடவுளுக்கு மட்டும், படத்துக்கு வணக்கம் என்று பிரித்தது. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் இன்றும் சொல்லும் வேறுபாடு இதுதான்.

மாஸ்கோவில் பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய 9-ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது, குலூதோவ் சங்கீதம் என்பார்கள். 'என் தாகத்துக்குக் காடியைக் குடிக்கக் கொடுத்தார்கள்' என்ற வரியின் ஓரத்தில் சிலுவையில் இயேசு; கம்பு நுனியில் காடியில் தோய்த்த கடற்பஞ்சை அவரிடம் நீட்டுகிறான் ஒருவன். கீழே, முடி சிலிர்த்து நிற்கும் இன்னொருவன் அதேபோன்ற பஞ்சால் இயேசுவின் வட்டப்படத்தின் மேல் சுண்ணாம்பு பூசுகிறான். பக்கத்தில் சுண்ணாம்புப் பானை. வரைந்தவருக்கு இரண்டும் ஒரே கொடுமை. அந்தப் பஞ்சைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆனால் அது வென்றவர்களின் ஓவியம். 843-இல் படவணக்கம் நிலைபெற்றபின் எதிர்ப்பாளர்களின் நூல்கள் அழிந்தன. ஹியெரியாவின் தீர்மானம் நமக்குக் கிடைப்பதே, நிக்கேயாவில் அதை மறுப்பதற்காக வரிவரியாக வாசித்ததால்தான். எதிரியின் வாய்வழியாக அல்லாமல் அவர்கள் நேரடியாக நம்மிடம் பேசும் மிகச்சில இடங்களில் ஒன்று, நீங்கள் அண்ணாந்து பார்த்த அந்தச் சிலுவை.