மேப் வேலைக்குப் போக கோடிங்கை விட்டுவிட்டு ஜிஐஎஸ் படிக்கலாமா?

தம்பி, கணினி அறிவியல் கடைசி வருஷம் படிக்கிறீர்கள், மேப் சார்ந்த ஆப்களில் வேலை செய்ய ஆசை, அதற்காக கோடிங்கை ஒதுக்கிவிட்டு ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் அமைப்பு, கோர்ஸில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வரைபடம் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கோட் நன்றாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் டேட்டாபேஸில் இருக்கும் ஜியோமெட்ரியை, அதாவது புள்ளி, கோடு, எல்லை போன்ற வடிவங்களை, கோடுக்குள் கொண்டுவந்து தப்பில்லாமல் கையாள்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் அந்த இடத்துக்குப் போகப் பாருங்கள்.

முதலில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை நிறுவுங்கள், அதன் மேல் இட வடிவங்களைச் சேமிக்க உதவும் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இணைப்பைப் போடுங்கள். இரண்டும் இலவசம், போஸ்ட்ஜிஐஎஸ் 2001இலிருந்து இருக்கிறது. ஒரு டேபிள் போட்டு, ஒரு புள்ளியைச் சேமித்து, அதை அப்படியே செலக்ட் செய்து பாருங்கள். 0101000020E6100000 என்று தொடங்கும் நீளமான எழுத்துக்கூட்டம் வரும். இதைப் பார்த்து மிரண்டு, அட்சரேகைக்கு ஒன்று, தீர்க்கரேகைக்கு ஒன்று என இரண்டு எண்களாகச் சேமித்துக்கொள்பவர்கள் நிறைய. வெறும் புள்ளிகள் வரைக்கும் அது ஓடும், ஆனால் இந்த வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்று யாராவது கேட்டதும் நின்றுவிடும்.

அதில் மர்மம் எதுவும் இல்லை. முதல் பைட் எண்களின் பைட் வரிசையைச் சொல்கிறது, அடுத்த நான்கும் இது புள்ளி, கூடவே எஸ்ஆர்ஐடியும் (எந்த ஆயத்தொலைவு அமைப்பு என்று சொல்லும் எண்) இருக்கிறது என்கின்றன, அப்புறம் வரும் E6100000 என்ற ஹெக்ஸ் எண்ணைப் பைட் பைட்டாகப் பின்னிருந்து படித்து (000010E6) சாதாரண எண்ணாக மாற்றினால் 4326, அதாவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஆயத்தொலைவு அமைப்பு. இதைப் புரிந்துகொண்டால் போதும், பிரித்துப் படிக்கும் கோடை நீங்களே எழுத உட்காராதீர்கள். பைத்தானில் ஷேப்லி, ஜாவாவில் ஜேடிஎஸ், டாட்நெட்டில் நெட்டோபாலஜிசூட் என்று தயாராக லைப்ரரிகள் இருக்கின்றன. ஷேப்லிக்கு அடியில் ஓடும் ஜியோஸ், ஜேடிஎஸ்ஸை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியதுதான், நெட்டோபாலஜிசூட்டும் அதே வழியில் வந்தது, அதனால் ஒன்றைப் பழகினால் மற்றவை அந்நியமாக இருக்காது.

உண்மையான சிக்கல் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதும் வரிசையில் இருக்கிறது. இடத் தரவை எழுதும் ஃபார்மேட்டான ஜியோஜேசனிலும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸிலும் தீர்க்கரேகை முதலில், வலைப்பக்கத்தில் மேப் காட்டும் லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில், மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸில் 4326 என்று கொடுத்தால் அதுவும் அட்சரேகையைத்தான் முதலில் எதிர்பார்க்கிறது. மாற்றிக் கொடுத்தாலும் பெரும்பாலும் எந்த எரரும் வராது. புள்ளி எங்கோ கடலில் போய் உட்காரும், அவ்வளவுதான். எரர் வராத தப்புதான் எனக்குப் பயம், ஏனென்றால் அதைக் கண்டுபிடிப்பது பயனர்தான். அதனால் கோடுக்குள் எந்த வரிசை என்பதை ஒரே இடத்தில் முடிவு செய்து, அதற்கு டெஸ்ட் எழுதுங்கள்.

தூரமும் இப்படித்தான். 4326 ஜியோமெட்ரியில் போஸ்ட்ஜிஐஎஸ்ஸின் தூரம் சொல்லும் ஃபங்ஷனான எஸ்டி_டிஸ்டன்ஸ் கேட்டால் டிகிரியில் பதில் வரும். உடனே 111ஆல் பெருக்கி கிலோமீட்டர் என்று போடுகிறார்கள். அட்சரேகைக்கு அது ஏறக்குறைய சரி, ஆனால் தீர்க்கரேகையின் ஒரு டிகிரி துருவம் நோக்கிப் போகப் போகச் சுருங்கும், 60 டிகிரி அட்சரேகையில் பாதியாகிவிடும். ஜியோமெட்ரிக்குப் பதில் ஜியோகிராஃபி டைப்பைப் பயன்படுத்துங்கள், மீட்டரிலேயே வரும். 500 மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று தேட எஸ்டி_டிவிதின் எழுதுங்கள். இடத் தேடலை வேகமாக்கும் ஜிஸ்ட் இண்டெக்ஸ் போட்டிருந்தால் எஸ்டி_டிவிதின் அதைப் பயன்படுத்தும். எஸ்டி_டிஸ்டன்ஸ் 500ஐ விடச் சிறியதா என்று கேட்டால் ஒவ்வொரு வரியாகக் கணக்குப் போடும். க்வெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவரிடம் இண்டர்வியூவில் பேசினால் சில நிமிஷங்களிலேயே தெரிந்துவிடும்.

ஜிஐஎஸ் பக்கம் இப்போதைக்கு ஆயத்தொலைவு அமைப்புகள் என்ற பாடம் மட்டும் போதும், சேமித்ததைக் கண்ணால் பார்க்க க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கோர்ஸ் பிறகு வேண்டுமானால் பார்க்கலாம்.

கடைசி வருஷ ப்ராஜெக்ட் தலைப்பை இன்னும் மாற்ற முடியும் என்றால் இந்த வாரமே உங்கள் கைடிடம் பேசுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத் தரவை எடுத்து, ஒரு புள்ளி எந்தப் பாலிகனுக்குள் விழுகிறது, அருகில் என்ன இருக்கிறது என்று பதில் சொல்லும் சின்ன ஏபிஐ செய்தால் போதும். தன்னைத்தானே வெட்டும் பாலிகன்கள் அதில் வந்தால் தூக்கிப் போடாதீர்கள், வடிவம் செல்லுமா என்று சொல்லும் எஸ்டி_இஸ்வேலிட் வைத்துக் கண்டுபிடித்து எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ரீட்மீயில் எழுதுங்கள், ரெஸ்யூமேயில் அந்த லிங்க்கை மேலே வையுங்கள்.