யார் கதவைத் திறக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

பெங்களூர்த் தமிழர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய, நண்பர்கள் சேர்ந்து ஒரு கூகுள் படிவம் தயாரித்து வாட்ஸ்ஆப் குழுக்களில் அனுப்பினோம். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறுகளில்தான் கூடுகிறோம். இதுவரை 400 பேர் பதில் தந்திருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லாருமே ‘அவசியம்’ என்கிறார்கள். அறிக்கை வெளியிட இது போதுமா, 1,000 பேர் வேண்டுமா?

கா., அல்சூர்

அன்புள்ள கா.,

ஞாயிறுகளை இதற்குக் கொடுக்கிறீர்களே, அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அறிக்கையை வெளியிடாதீர்கள்.

எண்ணிக்கையை விடுங்கள். குலுக்கல் முறையில் எடுத்த 400 பேர் என்றால் பிழை 5 சதவீதம் கூடக்குறைய இருக்கும், 1,000 என்றால் 3. உங்கள் 400-க்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அவர்களை நீங்கள் எடுக்கவில்லை, அவர்களாக வந்தார்கள். 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை தானாக வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்துக்கொண்டு அதிபர் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார்.

கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடுவது, பதில் சொல்ல வராதவர்களைப் பற்றித்தான். தமிழ்க் குழுவில் இருப்பவர் ஏற்கெனவே தமிழ்ப் பற்றுள்ளவர். பிள்ளையோடு கன்னடமோ ஆங்கிலமோ பேசப் பழகிவிட்ட அப்பா அந்தக் குழுவுக்கு ஏன் வரப்போகிறார்? உங்களுக்குத் தெரிய வேண்டியது அவர் மனம் அல்லவா?

வாக்காளர் பட்டியல் இருக்கிறதே என்பீர்கள். ஒரு பாகத்தில் 1,200 பெயர், உங்களுக்கு 20 பேர் வேண்டும் என்றால் 60-க்கு ஒருவர். 1 முதல் 60 வரை சீட்டுக் குலுக்கி 23 வந்தால் 23, 83, 143 என்று போகலாம். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு ஓட்டு இன்னும் ஊரில்தான். பட்டியலில் தாய்மொழியும் இருக்காது. பெயரைப் பார்த்துத் தமிழரைப் பொறுக்கினால், சிவாஜிநகரில் வீட்டுக்குள் தமிழ் பேசும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் விடுபட்டுப் போவார்கள். பெயரை வைத்து ஆளைத் தீர்மானிக்கும் புத்தியை முதலில் தலைமுழுகுங்கள்! தெருவைக் குலுக்கி எடுத்து, மொட்டைமாடி அறை, பின்கட்டு ஒற்றை அறை உட்பட எல்லா வீட்டையும் எழுதுங்கள். இத்தனை வீட்டுக்கு ஒன்று என்று இடைவெளி வைப்பது அதற்குப் பிறகு. வாசலில் முதல் கேள்வி, வீட்டில் பேசும் மொழி.

கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிட்டு வருவதுதான் மிகப் பெரிய தவறு. பகல் 11 மணிக்குப் போனால் கிடைப்பவர்கள் பெரியவர்களும் வீட்டோடு இருக்கும் பெண்களுமே. 18 வயது நிறைந்தவர்களில் கடைசியாகப் பிறந்தநாள் வந்தது யாருக்கு என்று கேளுங்கள், பேட்டி அவரிடம்தான். பிறந்தநாள் நினைவில்லாத வீட்டில் எல்லாரையும் வயது வரிசையில் எழுதிச் சீட்டெடுங்கள். 1949-இல் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் தந்த அட்டவணை இதற்காகத்தான். இப்படித் தேர்வானவர் நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கினால் வேறு நாள், வேறு நேரம், மூன்று முறையாவது போங்கள். பக்கத்து வீட்டை வைத்து நிரப்பாதீர்கள். பூட்டியிருந்த வீடு எத்தனை, மறுத்தவர் எத்தனை என்பதும் அறிக்கையில் வர வேண்டும். மருமகள் பதில் சொல்லும்போது மாமியார் அருகில் இருந்தாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பதில் மாறும்.

‘அவசியமா’ என்று கேட்டால் யார் இல்லை என்பார்? ‘நேற்றுச் சாயங்காலம் பிள்ளை உங்களிடம் எந்த மொழியில் பேசியது?’ என்று கேளுங்கள். இருபது வீட்டில் சோதித்துவிட்டுப் படிவத்தை எனக்கு அனுப்புங்கள், வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.