தாமதம் மாறிக்கொண்டே இருந்தால் கட்டுப்பாடு ஏன் தடுமாறுகிறது?

நெட்வொர்க் வழியே இயங்கும் மோட்டார், சராசரித் தாமதம் குறைவாக இருந்தும் ஏன் ஆடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சராசரியை விடுங்கள், அதிகபட்சத்தைப் பாருங்கள். உங்கள் கட்டுப்பாட்டு வளையம் (அளந்து, கட்டளை தந்து, மீண்டும் அளக்கும் சுற்று) நொடிக்கு 10 ரேடியன் வரையிலான அலைவுகளுக்கு ஈடுகொடுத்தால், அந்த அலைவில் 20 மில்லிநொடித் தாமதம் சுமார் 11 டிகிரி பின்னடைவு (அலை பிந்தும் கோணம்) தரும். அதுவே 100 மில்லிநொடி ஆனால் 57 டிகிரி! 60 டிகிரி விளிம்பு (நிலைகுலையுமுன் தாங்கக்கூடிய கூடுதல் பின்னடைவு) வைத்து வடிவமைத்திருந்தாலும் மிச்சம் 3 டிகிரிதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு வெவ்வேறு தாமதங்களில் தனித்தனியே நிலையாக நிற்கும் அமைப்பு, தாமதம் அவற்றுக்கிடையே மாறி மாறித் தாவும்போது நிலைகுலையலாம். பலரும் தவறவிடும் இடம் இது. அதனால்தான் தாமதத்தின் எல்லையோடு அது மாறும் வேகத்தையும் சேர்த்து, லியாபுனோவ்-கிராசோவ்ஸ்கி முறையில் (கடந்த நிலைகளையும் சேர்த்த ஓர் ஆற்றல் போன்ற அளவு குறைந்துகொண்டே வருவதைக் காட்டும் கணித முறை) நிலைத்தன்மையை நிறுவுகிறார்கள்.

1957-ல் ஓட்டோ ஸ்மித் என்ற பொறியாளர் தந்த முன்கணிப்பு முறை (தாமதமில்லாவிட்டால் அமைப்பு எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு கணித மாதிரியால் கணித்துக் கட்டளையிடுவது), மாறாத தாமதத்துக்கு அருமையானது. மாறினால் கணிப்பு பிசகிவிடும். சரி, அப்படியானால் தாமதத்தையே மாறாததாக்கிவிடலாம். அளவீடு எடுத்த நேரத்தைப் பாக்கெட்டிலேயே பதியுங்கள். மோட்டார் பக்கம் ஒரு பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) வைத்து, சீக்கிரம் வந்த கட்டளையையும் அந்த நேரத்திலிருந்து அதிகபட்சத் தாமதமான 100 மில்லிநொடி ஆகும்வரை நிறுத்தி வையுங்கள். அப்புறம் ஸ்மித் முறை கைகொடுக்கும். சென்சாரும் மோட்டாரும் ஒரே போர்டில் இருந்தால், கடிகாரங்களை ஒத்திசைக்கும் வேலையும் மிச்சம்.